ஏற்றத்தில் "போதும்" என்று சொல்வது கால் மட்டும் அல்ல

மவுண்டன் பைக், அதாவது மலைப்பாதை சைக்கிள், ஓட்டுபவர்கள் பிசியோதெரபிஸ்ட்டான என்னிடம் முழங்கால் வலிக்கோ இடுப்பு வலிக்கோ தான் வருவார்கள். சிகிச்சை முடிந்து கிளம்பும்போது பலரும் கேட்கும் கேள்வி வேறு. "பாதி ஏற்றத்திலேயே இறங்கிவிடலாம் போல இருக்கிறதே, எனக்கு மன உறுதி இல்லையா?" ஏற்றத்தின் முதல் ஐந்து நிமிடத்தை எப்படி ஓட்டினீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

அடிவாரத்தில் கால் தெம்பாக இருக்கும். முன்னால் போகிறவரைப் பிடித்துவிடத் தோன்றும். மூச்சு எகிறிய பிறகுதான் கியரைக் குறைப்பார்கள். அதற்குள் தொடை எரிய ஆரம்பித்திருக்கும். சமதரையில் என்றால் பெடலை நிறுத்திக் கொஞ்சம் ஆசுவாசப்படலாம். ஏற்றத்தில் பெடல் நின்றால் வண்டியும் நின்றுவிடும். அதனால் நீண்ட ஏற்றத்தின் முதல் கால்பங்கை, பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஓட்டுங்கள். ரொம்ப மெதுவாகப் போகிறோமோ என்று தோன்றும். தோன்றட்டும்.

சரி, நிதானமாகத் தொடங்கியும் மனம் சலித்துப்போனால்? 2009இல் சாமுவேல் மார்கோரா என்ற ஆய்வாளரின் குழு 16 பேரை வைத்து ஒரு சோதனை செய்தது. ஒரு நாள் 90 நிமிடம் ஆவணப்படம் பார்க்க வைத்து, பிறகு இனி முடியாது என்கிற வரை சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். இன்னொரு நாள் அதே 90 நிமிடமும் மூளையைக் கசக்கும் கணினி வேலை கொடுத்துவிட்டு மிதிக்கச் சொன்னார்கள். படம் பார்த்த நாளில் சராசரியாக 754 விநாடி தாங்கியவர்கள், மூளை களைத்த நாளில் 640 விநாடியிலேயே நிறுத்திவிட்டார்கள். இதயத்திலோ நுரையீரலிலோ தசையிலோ இதை விளக்கும் குறை எதுவும் தென்படவில்லை. மிதிப்பது கஷ்டமாக இருக்கிறது என்ற உணர்வுதான் கூடியிருந்தது.

தூக்கம் கெட்ட வாரத்திலும், வேலையில் மண்டை காய்ந்த நாளிலும் அதே மலை அதிகம் செங்குத்தாகத் தெரிவதற்கு இதுவும் காரணம். அன்றைக்கு உங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்ளாதீர்கள். வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சின்ன பாதையாகப் பார்த்துப் போங்கள்.

மிதிப்பது கஷ்டம் என்ற அந்த உணர்வைக் குறைக்கவும் வழி உண்டு. 2014இல் வெளியான இன்னொரு ஆய்வில், தனக்குத் தானே பேசிக்கொள்ள இரண்டு வாரம் பழகியவர்கள் ஏறக்குறைய 18 சதவீதம் கூடுதல் நேரம் மிதித்தார்கள். இதை வெறும் தன்னம்பிக்கைப் பேச்சு என்று ஒதுக்கிவிட வேண்டாம். வாக்கியத்தை வீட்டிலேயே தேர்ந்தெடுத்து, பயிற்சியில் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்க வேண்டும். மூச்சு முட்டும்போது புதிதாக எதுவும் தோன்றாது. "இந்த வளைவு வரைக்கும்", "மூச்சை விடு, மிதி" போன்ற, செய்ய வேண்டியதைச் சொல்லும் குட்டி வாக்கியங்களைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். கண்ணையும் உச்சியில் வைக்காமல், சில மீட்டர் முன்னால் சக்கரம் போக வேண்டிய தடத்தில் வையுங்கள்.

அப்புறம் சாப்பாடு. திடீரென்று எல்லாமே வெறுத்துப்போவது பல நேரம் சர்க்கரை தீர்ந்த அறிகுறி. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஓட்டத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். ஏற்றம் தொடங்கும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். கரடுமுரடான சரிவில் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்கவே முடியாது.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். எல்லா வலியும் தாண்டிப் போக வேண்டிய வலி அல்ல. இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி பரவி, வேகத்தைக் குறைத்ததும் தணிகிற எரிச்சல் உழைப்பின் எரிச்சல், அதோடு ஓட்டலாம். ஒரே முழங்காலில், ஒரே இடத்தில், ஒவ்வொரு மிதிக்கும் சுருக்கென்று குத்துகிற வலி அப்படியல்ல. அதை அடக்கிக்கொண்டு உச்சிக்குப் போனவர்கள் வாரக்கணக்கில் வண்டியைத் தொட முடியாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். நெஞ்சில் அழுத்தம், தலைச்சுற்றல், படபடப்பு, வெயிலில் குளிரெடுப்பது, பேச்சு குழறுவது இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள், உடன் வந்தவரிடம் சொல்லுங்கள். நெஞ்சழுத்தமும் பேச்சுக் குழறலும் உடனடியாக மருத்துவ உதவி தேட வேண்டியவை.

வெறும் களைப்பு என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதில் எந்தக் குறைவும் இல்லை. போட்டி வீரர்களும் சில சரிவுகளில் அதைத்தான் செய்கிறார்கள். மூச்சு இறங்கியதும் மறுபடி ஏறத் தெரியாததால்தான் பலரும் கடைசி வரை தள்ளிக்கொண்டே போகிறார்கள். வண்டியைச் சரிவுக்குச் சற்றுக் குறுக்காகத் திருப்பி, பின் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். கியர் இலகுவானதில் இருக்கட்டும், ஆனால் ஒரே மிதியில் வண்டி நகராத அளவுக்கு இலகுவாக வேண்டாம். மேட்டுப் பக்கக் காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலின் பெடலை மேல்நிலையைச் சற்றுத் தாண்டி முன்பக்கமாகக் கொண்டுவாருங்கள். அதை அழுத்தும்போதே பிரேக்கை விட்டு, சீட்டின் முன்நுனியில் உட்கார்ந்து, இரண்டு மூன்று சுற்று மிதித்த பிறகு ஹேண்டில்பாரை மேல்நோக்கித் திருப்புங்கள்.