வகுப்பின் முதல் மாணவர் பிற்காலத்தில் எங்கே நிற்கிறார்?

பள்ளியில் ஒவ்வொரு தேர்விலும் முதலிடம் பெற்றவர் இன்று சாதாரணமான ஒரு வேலையில் இருக்கிறார். தட்டுத்தடுமாறித் தேர்ச்சி பெற்ற இன்னொருவர் பலருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு உயர்ந்திருக்கிறார். அப்படியானால் பள்ளி மதிப்பெண்ணுக்கும் பிற்கால வாழ்க்கைக்கும் தொடர்பே இல்லையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய வகுப்புத் தோழர்களைச் சந்தித்துவிட்டுத் திரும்பும் பலருக்கும் எழும் கேள்விதான் இது. தொடர்பு உண்டு என்பதே விடை. ஆனால் அந்தத் தொடர்பு முழுமையானதாக இல்லாத வரையில், இத்தகைய இடமாற்றங்கள் நிகழ்ந்தே தீரும்.

முதலில் சான்றுகளைப் பார்ப்போம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது 10,317 பேர், சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு முதுமை வரை பின்தொடரப்பட்டார்கள். பள்ளியில் நன்றாகப் படித்தவர்கள் சராசரியாக அதிக ஆண்டுகள் கல்வி கற்றார்கள், அதன் வழியாக மேலான வேலைகளை அடைந்தார்கள் என்பதோடு, பெற்றோரும் ஆசிரியர்களும் தந்த ஊக்கமும் நண்பர்களின் மேற்படிப்புத் திட்டங்களும் அந்தப் பாதையைக் கணிசமாகத் தீர்மானித்தன என்பதும் இந்த ஆய்வில் தெரியவந்தது. நெருங்கிய நண்பர்கள் என்று பிறர் எத்தனை முறை ஒருவருடைய பெயரைச் சொன்னார்கள் என்பதைக் கொண்டு, ஆண்களிடையே வகுப்பில் அவருக்கிருந்த செல்வாக்கையும் பொருளியலாளர்கள் அளந்தார்கள். செல்வாக்கு வரிசையில் கீழிருந்து 20ஆம் விழுக்காட்டில் இருந்தவரைவிட 80ஆம் விழுக்காட்டில் இருந்தவர், ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்தும், 10 விழுக்காடு அதிக ஊதியம் பெற்றார் என்று 2013இல் வெளியான கட்டுரை மதிப்பிடுகிறது.

தொடர்பு உண்மையானது என்றால், முதல் மாணவர் ஏன் முதலிடத்திலேயே நிற்பதில்லை? எனக்கு மிகவும் பிடித்தமான கணக்கு இங்கேதான் வருகிறது. 40 பேர் கொண்ட ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். பள்ளி மதிப்பெண்ணுக்கும் நடுவயதில் அவர்கள் அடையும் பொருளாதார நிலைக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்தே மாறுகின்றன என்பதைக் காட்டும் எண்; தொடர்பே இல்லையென்றால் 0, முழுமையான தொடர்பென்றால் 1) 0.4 என்று கொள்வோம். (வருமானத்தைப் பொறுத்தவரை உண்மையில் காணப்படும் அளவு பெரும்பாலும் இதைவிடக் குறைவு, ஆகவே முதல் மாணவருக்குச் சாதகமாகவே தொடங்குகிறோம்.) முதல் மாணவர் வகுப்புச் சராசரியைவிட ஏறத்தாழ இரண்டு திட்டவிலக்கங்கள் (சராசரியிலிருந்து மதிப்பெண்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை அளக்கும் அலகு) மேலே இருப்பார். அவருடைய பிற்கால நிலையைக் கணிக்க, அந்த இரண்டை 0.4 ஆல் பெருக்க வேண்டும், 0.8 கிடைக்கிறது. சராசரிக்கு மேலேதான் இருக்கிறார், ஆனால் எதிர்பார்க்கத்தக்க இடம் வகுப்பின் எட்டாவது அல்லது ஒன்பதாவது இடம். அவர் மீண்டும் மிக உச்சியில் நிற்பதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்று. சராசரிக்கும் கீழே செல்வதற்கான வாய்ப்பு ஐந்தில் ஒன்று.

அப்படிச் செல்கிறவர் எதையோ தவறவிட்டார் என்று பொருளில்லை. முதலிடம் பெறுவதற்குத் திறமையோடு, அந்தப் பாடத்திட்டம், அந்த ஆசிரியர், அந்த ஆண்டின் உடல்நலம், வீட்டின் அமைதி என்று பலவும் ஒரே சமயத்தில் சாதகமாகக் கூடி வந்திருக்க வேண்டும். பிற்கால நிலையை முடிவு செய்யும் காரணங்களின் பட்டியலோ வேறு: முதல் வேலை கிடைத்த ஆண்டில் பொருளாதாரம் இருந்த நிலை, திருமணம், குடும்பத்தினரின் நோய், மனிதர்களோடு பழகும் பாங்கு. இரண்டு பட்டியல்களும் ஓரளவுக்கு மட்டுமே ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. ஒன்றில் உச்சத்தில் இருப்பவருக்கு மற்றொன்றிலும் எல்லாம் கூடி வருவது அரிது.

இந்தக் கணக்கு பின்னோக்கியும் அப்படியே செல்லும் என்பதுதான் இதன் பேரழகு. இன்று அந்த 40 பேரில் மிகவும் வசதியாக இருப்பவரை எடுத்துக்கொண்டு, பள்ளியில் அவர் எந்த இடத்தில் இருந்தார் என்று கேட்டால், அதே எட்டாவது, ஒன்பதாவது இடமே விடையாக வருகிறது. உச்சியில் இருந்தவர்கள் நடுவை நோக்கி வந்தால் எல்லோரும் சராசரியாகிவிட மாட்டார்களா என்ற ஐயம் எழலாம். அப்படி ஆவதில்லை. சராசரிக்கு ஒரு திட்டவிலக்கம் மேலும் கீழும் உள்ள நடுப்பகுதியில் 27 பேர் வரை இருக்கிறார்கள். அவர்களில் ஒரு சிலர் மட்டும் ஏறினாலும் இறங்கினாலும் காலியான உச்சியும் அடியும் நிரம்பிவிடுகின்றன. வகுப்பின் ஏற்றத்தாழ்வு மாறாமல் நிற்க, அதற்குள் மனிதர்கள்தாம் இடம் மாறுகிறார்கள்.

1886இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 205 பெற்றோர் இணைகளையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் கொண்டு உயரத்தை ஆராய்ந்தபோது இதைக் கண்டார். சராசரியிலிருந்து பெற்றோர் விலகியிருந்த தொலைவில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே பிள்ளைகளிடம் இருந்தது. அவர் முதலில் இதன் காரணத்தை மரபில் தேடினார். முழுமையற்ற ஒட்டுறவு உள்ள எந்த இரண்டு அளவுகளுக்கும் இது பொருந்தும் என்பது பின்னர் தெளிவாயிற்று. சோதிடத்தின் மீதான நம்பிக்கைக்குப் பின்னாலும் இதே கணக்கு இருக்கிறது. ஒருவர் வாழ்க்கை மிக மோசமாக இருக்கும் வேளையில்தான் சோதிடரை நாடுகிறார். அடுத்து வரும் காலம் சற்று மேம்பட்டதாக அமைய இயல்பாகவே வாய்ப்பு அதிகம். பெருமை சோதிடருக்குப் போய்ச் சேர்கிறது. இந்த ஒரு கணக்கை எல்லாப் பள்ளிகளிலும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் மூடநம்பிக்கையின் ஒரு பெரிய வேர் அறுபடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வாசகர் கண்டதும் வியப்புக்குரியதன்று. கடைசி மாணவரும் ஐந்தில் ஒரு வாய்ப்போடு சராசரிக்கு மேலே வருகிறார். முதல் மாணவர் இறங்குவதும் கடைசி மாணவர் ஏறுவதும் ஒரே வகுப்பில் நிகழ்வதற்கான வாய்ப்பு தோராயமாக 25இல் ஒன்று. மற்ற 24 வகுப்புகளின் கதையைச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் கலிபோர்னியாவில் தொடங்கி, உயர்ந்த அறிவுத்திறன் கொண்ட 1,500க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தேர்ந்து பின்தொடர்ந்தார். அவர்களில் பலர் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் நோபல் பரிசை வென்றவர்கள், சோதிக்கப்பட்டுத் தேர்வு பெறாமற்போன வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெசும்.

வருமானம் ஒரு முகம் மட்டுமே. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை பிறந்த 1,037 பேரை ஆராயும் குழு, 38 வயதில் அவர்களுடைய உடல் அளவீடுகளிலிருந்து உயிரியல் வயதை, அதாவது உடல் எவ்வளவு முதுமையடைந்திருக்கிறது என்பதை, கணக்கிட்டது. ஒரே வயதினரான அவர்களின் உயிரியல் வயது 28இல் தொடங்கி 61 வரை பரவியிருந்தது. வெளிநாடுகளில் குடியேறியவர்களையும் செலவு கொடுத்து வரவழைத்ததால், உயிரோடிருந்தவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் அந்தச் சுற்றில் பங்கேற்றார்கள். மூன்றாண்டுகளில் முடிவு காட்ட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும் நிதி முறையில் இத்தகைய அறிவு பிறக்காது. தொடங்கியவர் ஓய்வுபெற்ற பிறகும் தொடரும் ஆய்வுகளுக்கு அரசுகள் தனி நிதி ஒதுக்க வேண்டும்.

இயல்புகளும் இடம் மாறுகின்றன, ஆனால் வயதோடு அந்த மாற்றம் குறைகிறது. உளவியலாளர்கள் பிரென்ட் ராபர்ட்சும் வென்டி டெல்வெக்கியோவும் 2000ஆம் ஆண்டில் 152 நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ ஏழு ஆண்டு இடைவெளியில் இருமுறை அளக்கும்போது, ஆளுமைப் பண்புகளில் மனிதர்களின் வரிசை எவ்வளவு மாறாமல் நிற்கிறது என்பதைக் காட்டும் கெழு, கல்லூரி வயதில் 0.54, 30 வயதில் 0.64, 50 முதல் 70 வரை 0.74 என்று உயர்ந்து செல்கிறது. பள்ளியை விட்டு வெளியேறிய முதல் ஆண்டுகளில் தோழர்கள் மாறுகிற அளவுக்கு, நடுவயதைக் கடந்தபின் அதே அளவு காலத்தில் அவர்கள் மாறுவதில்லை, ஆயினும் 0.74 என்பது 1 அன்று, எழுபதை நெருங்கும் வயதிலும் அந்த வரிசை முற்றிலும் நிலைத்துவிடவில்லை.