முழங்கால் தண்ணிதாங்க மேடம்

போன சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி வாக்குல, என் ஷிஃப்ட் முடிய ஒரு மணி நேரம்தான் பாக்கி, ஆம்புலன்ஸ்ல ஒருத்தரைக் கொண்டு வந்து இறக்குனாங்க. இடது பாதம் அது பார்க்க வேண்டிய திசையில இல்ல. உதடு நீலம் பாரிச்சிருக்கு, மூச்சு விட்டா நெஞ்சுல கரகரன்னு சத்தம், டி-ஷர்ட் பூரா பாசி. பின்னாடியே ஓடி வந்த அவர் வீட்டம்மா என் பேட்ஜ்ல பேரைப் படிச்சதும் தமிழ்லயே ஆரம்பிச்சுட்டாங்க. "முழங்கால் தண்ணிதாங்க மேடம். அவருக்கு நல்லா நீச்சல் தெரியும்ங்க, கெணத்துல குதிச்சு வளந்தவருங்க."

இந்த ரெண்டு வாக்கியத்தையும் இந்த சம்மர்ல மட்டும் மூணாவது தடவை கேக்கறேன். அதான் ஓடையில இறங்கி மீன் பிடிக்கறவங்களுக்காக உக்காந்து எழுதிட்டேன். (ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன், அவரா இவரான்னு வாட்ஸப் குரூப்ல தேட வேண்டாம்.)

நான் பென்சில்வேனியால, ஹாரிஸ்பர்க் பக்கத்துல எமர்ஜென்சி டாக்டர். சஸ்க்வஹானா ஆத்துல வந்து சேர்ற சின்னச் சின்ன ஓடைங்க இங்க நிறைய, கனடோக்வினெட், ஷெர்மன்ஸ் க்ரீக், ஸ்வடாரா இப்படி. எல்லாத்துலயும் ஸ்மால்மவுத் பாஸ்ங்கற மீன் உண்டு. கொரோனா சமயத்துல நம்மாளுங்க நிறைய பேர் தூண்டில் வாங்குனாங்க, இப்போ அது முத்திப் போய் கரையில நின்னு போடறது பத்தாம தண்ணிக்குள்ள இறங்கி நடந்து நடந்து பிடிக்கறாங்க. தப்பு சொல்லல. நானும் பிடிக்கறவதான். ஆறடி தூண்டில் ராடு, ஆறு பவுண்டு தாங்கற லைன், நண்டு மாதிரி கொடுக்கு வெச்ச கிரேஃபிஷ் கலர்ல ஒரு ரப்பர் ட்யூப் லூர் (பொய் இரை), பாறைக்குப் பின்னாடி தண்ணி அமைதியா சுத்தற இடத்துல விழுந்து ரெண்டு தட்டு தட்டுச்சுன்னா அது கடிக்கற கடியும் அடுத்து அது தண்ணிக்கு மேல எகிறிக் குதிக்கறதும் பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். இந்த மீனுக்குப் பூர்வீகம் கிரேட் லேக்ஸும் ஒஹாயோ ஆத்துப் பக்கமும்தான். போட்டோமாக் ஆத்துக்கு 1854ல ரயில் இன்ஜினோட தண்ணித் தொட்டியில போட்டுக் கொண்டு வந்து விட்டாங்க, அப்புறம்தான் இந்தப் பக்கமெல்லாம் பரவுச்சு. நம்மள மாதிரியே வந்து செட்டில் ஆனதுதான்.

சரி, நீச்சல் விஷயத்துக்கு வர்றேன். இதைக் கொஞ்சம் நீளமாத்தான் சொல்லப் போறேன், ஏன்னா இதுலதான் எனக்கு பிபி ஏறுது.

கெணத்துத் தண்ணி நிக்கற தண்ணி. அதுல ஆபத்து ஆழம். ஓடைத் தண்ணி ஓடற தண்ணி. அதுல ஆபத்து ஓட்டம். ரெண்டும் வேற வேற சமாச்சாரம். ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்லி சொல்லி வளர்த்தாங்க நம்மள, வேகம் தெரியாம விடாதேன்னு ஒருத்தரும் சொல்லல. அதனால கரையில நின்னு எட்டிப் பார்க்கறோம், அடியில கல்லு தெரியுது, ஓ முழங்கால்தான்னு இறங்கிடறோம். தண்ணியோட வேகம் ரெண்டு மடங்கானா உங்க கால்ல அது தள்ளற பலம் ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். மூணு மடங்கானா ஒன்பது. இப்போ நின்ன இடத்துல சுகமா இருக்கு, நாலடி தள்ளிப் போனா அதே முழங்கால் ஆழம்தான், ஆனா ரெண்டு பாறைக்கு நடுவுல நெருக்கிட்டு ஓடறதால அங்க காலை எடுத்து வெச்சதும் ஆளைச் சாய்ச்சுடும். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இதுல நீச்சல் எங்க வந்துச்சு? முழங்கால் தண்ணியில யாரு நீந்த முடியும்? நீச்சல் தெரிஞ்சவங்கதான் தைரியமா ரெண்டடி கூடப் போறாங்க, நான் பார்த்த மூணு பேரும் நல்லா நீந்தறவங்க.

நான் அம்பாசமுத்திரம். தாமிரபரணியில குளிச்சு வளந்தவ. எனக்கும் இந்த நெனப்பு இருந்துச்சு, இங்க வந்த புதுசுல ஷெர்மன்ஸ் க்ரீக்ல ஒரு தடவை முப்பதடி உருண்டுட்டுப் போற வரைக்கும்.

அடுத்தது, விழுந்தவங்க பண்ற தப்பு. விழுந்ததும் எழுந்திரிக்கப் பார்க்கறது. கேட்டா, பின்ன எழுந்திரிக்காம என்ன பண்றதுன்னு கேப்பீங்க. அதான் சொல்றேன், எழுந்திரிக்காதீங்க. ஓடற தண்ணியில இழுத்துட்டுப் போகும்போது காலை ஊன்றினா பாதம் நேரா ரெண்டு கல்லு இடுக்குல போய் சொருகிக்கும். இந்தப் பக்கத்து ஓடைங்கள்ல பல இடத்துல அடிப்பாறை தட்டுத் தட்டா படுத்திருக்கும், நடுநடுவுல பாதம் சரியா நுழையற மாதிரி வெடிப்பு. பாதம் மாட்டுச்சு, பின்னாடி இருந்து தண்ணி தள்ளுது, உடம்பு முன்னாடி குப்புற மடங்குது, மூஞ்சி தண்ணிக்குள்ள. தண்ணி முதுகு மேல ஏறி ஓடுது. நிமிர முடியாது, எவ்ளோ பெரிய பயில்வானா இருந்தாலும் முடியாது. முழங்கால் தண்ணியில ஆள் சாகறது இப்படித்தான். சனிக்கிழமை வந்தவரோட கணுக்கால் எலும்பு மூணு இடத்துல உடைஞ்சதும் இப்படித்தான். அவர் உயிரோட வந்ததுக்குக் காரணம் கூடப் போன நண்பர் கரையில நின்னு கத்திட்டிருக்காம, மேல்பக்கமா சுத்தி வந்து, நெஞ்சைத் தாங்கிப் பிடிச்சு மூஞ்சியைத் தண்ணிக்கு வெளிய வெச்சது. காலை அப்புறமாதான் எடுத்திருக்கார், அதுவும் நுழைஞ்ச திசையிலயே பின்னுக்கு. அந்தத் தம்பிக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு தெரியல, நல்லா இருக்கட்டும்.

விழுந்தா மல்லாந்து படுங்க. கால் ரெண்டும் தண்ணி போற பக்கம், கட்டைவிரல் தண்ணிக்கு மேல தெரியணும், கையால தள்ளித் தள்ளி ஓரத்துக்குப் போங்க. பின்பக்கம் தரையில உரசற அளவுக்குத் தண்ணி குறைஞ்சதும் எழுந்திரிங்க, அதுக்கு முன்னாடி வேண்டாம். ராடை விட்டுடுங்க. ஆமா, விட்டுடுங்க! ஒரு புண்ணியவான் ராடைக் காப்பாத்தறேன்னு ஒரு கையைத் தூக்கிப் பிடிச்சுட்டே போய் இன்னொரு கை மணிக்கட்டை உடைச்சுட்டு வந்தார். எழுபது டாலர் ராடு. எங்ககிட்ட அவருக்கு வந்த பில்லைப் பத்தி நான் பேசல.

நடக்கறதுக்கு முன்னாடி ஒரு கம்பு. ட்ரெக்கிங் போல் போதும், இல்ல கீழ கெடக்கற நல்ல கட்டை. கம்பு மேல்பக்கம், தண்ணி வர்ற பக்கம். உடம்பைப் பக்கவாட்டுல வெச்சுக்கங்க. காலைத் தூக்கி வைக்காதீங்க, தேய்ச்சுத் தேய்ச்சு நகர்த்துங்க. ஒரு கால் கெட்டியா நின்ன பிறகுதான் இன்னொரு கால். மீன் மாட்டுன உடனே பின்னாடி பார்க்காம பின்னாடி நடக்கறதுதான் பெரும்பாலான கேஸ், சனிக்கிழமை வந்தவர் விழுந்ததும் அப்படித்தான், நின்ன இடத்துலயே நின்னு மீனைக் கொண்டு வாங்க, அது எங்கயும் போயிடாது, போனாலும் போகட்டும். க்ராக்ஸ், செருப்பு, பழைய வாக்கிங் ஷூ எதுவும் வேண்டாம். அடியில ஃபெல்ட் (கம்பளி மாதிரி தடித் துணி) வெச்ச ஷூ பாசியில நல்லா பிடிக்கும், ஆனா ஓடைக்கு ஓடை பாசியைக் கூட்டிட்டுப் போகுதுன்னு பக்கத்து மேரிலேண்ட்ல 2011லயே தடை பண்ணிட்டாங்க, ரெண்டு பக்கமும் போறவங்க ரப்பர் சோலே வாங்கிடுங்க.

வேடர்ஸ்குள்ள (தண்ணியில இறங்கப் போடற நனையாத நீளப் பேன்ட்) தண்ணி புகுந்தா கல்லு மாதிரி அடியில இழுத்துட்டுப் போயிடும்னு ஒரு கதை சுத்துது. தண்ணிக்குள்ள இருக்கற தண்ணிக்கு ஏது வெயிட்டு? மேல ஏறும்போதுதான் கனக்கும். இடுப்புல பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்க, பெருசா உள்ள போகாது. கதைக்கு பயப்படறவங்க பெல்ட் கட்டறதில்ல, அதுதான் வேடிக்கை.

லைஃப் ஜாக்கெட் சொன்னா சிரிக்கறாங்க. நவம்பர் 1ல இருந்து ஏப்ரல் 30 வரைக்கும் சின்ன போட்டு, கயாக்ல போறவங்க கண்டிப்பா போடணும்னு பென்சில்வேனியா சட்டம் சொல்லுது, நடந்து இறங்கறவங்களுக்கு ஒண்ணும் சொல்லல. அதனால ஏப்ரல்ல பதினஞ்சு டிகிரிக்குக் கீழ இருக்கற தண்ணியில வெறும் டி-ஷர்ட்டோட இறங்கறாங்க. அந்தக் குளிர்ல விழுந்தா முதல் செகண்டே உங்களைக் கேக்காம உடம்பு ஒரு பெரிய மூச்சை இழுக்கும். தலை அப்போ எங்க இருக்குங்கறதுதான் கணக்கு. இடுப்புல பெல்ட் மாதிரி கட்டிக்கற வகைகூட வந்திருக்கு, ஆனா அதுல நிறைய வகையை விழுந்த பிறகு நீங்கதான் இழுத்து ஊத வைக்கணும், அதனால குளிர் காலத்துல நெஞ்சுல போடற சாதாரண ஜாக்கெட்டே போடுங்க, ப்ளீஸ்.

வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி யுஎஸ்ஜிஎஸ் கேஜ் பாருங்க, அரசாங்கம் ஓடையில வெச்சிருக்கற தண்ணி அளவு மீட்டர் அது. காசு கிடையாது, போன்லயே தெரியும். கனடோக்வினெட்டுக்கு ஹோக்ஸ்டவுன்ல ஒண்ணு இருக்கு. ஒரு செகண்டுக்கு எத்தனை கன அடின்னு நம்பர் வரும். நூறுன்னு போட்டிருந்தா செகண்டுக்கு ஏறக்குறைய 2800 லிட்டர் உங்களைத் தாண்டிப் போகுதுன்னு அர்த்தம், அதாவது ரெண்டே முக்கால் டன்னுக்கு மேல. நம்பரை விட கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க, மேல ஏறிட்டிருந்தா அன்னைக்கு வீட்டுல இருங்க. உங்க தலைக்கு மேல வெயில் அடிக்கலாம், தண்ணி வர்ற பக்கம் இருபது மைல் தள்ளி இடி மழை பெஞ்சிருக்கும். நின்னுட்டிருக்கும்போது தண்ணி டீ கலர்ல மாறுச்சு, இலையும் சுள்ளியும் மிதந்து வருதுன்னா இன்னும் ஒரே ஒரு தடவை தூண்டில் வீசிடறேன்னு நிக்காதீங்க, கரைக்கு வாங்க.

சின்ன தடுப்பணைங்க கிட்ட போகவே போகாதீங்க. மேல இருந்தும் வேண்டாம், கீழ இருந்தும் வேண்டாம். ஹாரிஸ்பர்க்ல டாக் ஸ்ட்ரீட் அணையைப் பார்த்தா அழகா இருக்கும். விழற தண்ணி அடியில சுருண்டு திரும்ப அணைப் பக்கமே இழுக்கும், உள்ள போனவங்களைச் சுத்திச் சுத்தி அங்கயே வெச்சிருக்கும், இந்த மாதிரி அணைங்க காப்பாத்தப் போனவங்களையும் சேர்த்து இழுத்திருக்கு. அணைக்குக் கீழ மீன் கூடும்னு எனக்கும் தெரியும். வேண்டாம்.

தூண்டில் முள்ளு குத்திட்டு வர்றவங்க கணக்கு தனி. ஸ்மால்மவுத் கைக்கு வந்த பிறகும் திமிறும், மூணு முள்ளு லூர்ல ஒண்ணு அது வாயில, இன்னொண்ணு உங்க கட்டைவிரல்ல, நடுவுல மீன் ஆடிட்டிருக்கும். முதல்ல மீனைப் பிரிங்க. பல்லைக் கடிச்சுட்டு வந்த வழியே பிடுங்கறதெல்லாம் யூடியூப்ல பார்க்க நல்லா இருக்கும், நரம்பு ஓடற விரல்ல பண்ணிட்டு அப்புறம் எங்ககிட்ட வர்றீங்க. நாங்க மரத்துப் போக ஊசி போட்டு ரெண்டு நிமிஷத்துல எடுத்துடுவோம், காத்திருக்கற நேரம்தான் மூணு மணி நேரம், அதுக்கு என்னைத் திட்டாதீங்க. கண்ணுலயோ கண் பக்கத்துலயோ குத்துச்சுன்னா தொடாதீங்க, ஒரு பேப்பர் கப்பைக் கவுத்து மூடிட்டு நேரா வாங்க. இதுக்கெல்லாம் முன்னாடி வீட்டுலயே பிளேயர் (இடுக்கி) எடுத்து முள்ளுல பின்பக்கம் நீட்டிட்டிருக்கற பார்ப்பை நசுக்கிடுங்க. மீன் கொஞ்சம் தப்பிக்கும், விரல் தப்பிக்கும். டெட்டனஸ் ஊசி போட்டு அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சான்னு ஞாபகம் வெச்சுக்கங்க, யாருமே வெச்சுக்கறதில்ல.

உண்ணி. ஓடைக்குப் போற வழியில முழங்கால் உயரப் புல்லு இருக்கே, அங்கதான். மே, ஜூன், ஜூலைல குட்டி உண்ணி கசகசா சைஸ்ல இருக்கும். வீட்டுக்கு வந்ததும் குளிங்க, முட்டி மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் தடவிப் பாருங்க, இருந்தா தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, வாஸ்லின், தீக்குச்சி வைத்தியம் எதுவும் வேண்டாம். உண்ணி கடிச்சு வர்ற லைம் நோயோட சிவப்பு வளையத்தை கூகுள்ல தேடுனா வெள்ளைக்காரத் தோல்லதான் காட்டும், நம்ம நிறத்துல அது பளிச்சுனு சிவப்பா தெரியாது, கன்னிப்போன மாதிரி, படை மாதிரி, கருப்படிச்ச மாதிரி இருக்கும். படைக்கு க்ரீம் தடவிட்டு ரெண்டு மாசம் கழிச்சு முட்டி வீங்கி வந்தவங்க உண்டு. டாக்டர்கிட்ட போனா நீங்களே வாயைத் திறந்து "புல்லுல நடந்தேன், உண்ணி கடிச்சிருக்கலாம்"னு சொல்லுங்க, எங்க ஆளுங்களுக்கும் கருப்புத் தோல்ல அதைப் பார்த்துப் பழக்கம் கம்மிதான்.

சுகர் இருக்கறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். வெறுங்கால்லயோ சாண்டல்லயோ ஓடையில இறங்காதீங்க. பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருந்தா கல்லு கிழிச்சது தெரியாது, ஆத்துத் தண்ணிக் கிருமி உள்ள போய் ரெண்டு நாள்ல கால் வீங்கி வரும்போது நாங்க ஆன்டிபயாடிக்கோட சேர்த்து சர்ஜனையும் கூப்பிடற நிலைமை வந்துடும். அப்பா அம்மா ஆறு மாசம் விசால வந்திருக்காங்க, சும்மா தண்ணியில கால் நனைக்கட்டும்னு கூட்டிட்டுப் போறீங்கல்ல, அவங்களுக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

தனியா போகாதீங்க. போறதுன்னா எந்தப் பாலத்துக்கிட்ட இறங்கறீங்க, எத்தனை மணிக்குத் திரும்புவீங்கன்னு வீட்டுல சொல்லிட்டுப் போங்க. 911க்குப் போன் பண்ணி "ஓடையில இருக்கோம்"னா அவங்க எங்க வருவாங்க? ரோடு பேரு, பாலத்துப் பேரு வேணும். அன்னைக்கு அந்த நண்பர்கிட்ட அது இருந்துச்சு.

அவருக்கு ஆபரேஷன் முடிஞ்சு ப்ளேட் வெச்சிருக்காங்க. மறுநாள் வார்டுல எட்டிப் பார்த்தேன், நெஞ்சு சத்தம் அடங்கியிருந்துச்சு. "அக்டோபர்ல போலாங்களா மேடம்?"னு கேட்டார். வீட்டம்மா முறைச்சாங்க. வர்ற வருஷம் ஜூன்ல, கம்பு வாங்கிட்டு, பார்ப்பை நசுக்கிட்டு, அந்த நண்பரோடன்னா போங்கன்னு சொன்னேன். அதுவரைக்கும் கரையில நாற்காலி போட்டு உக்காந்து போடட்டும், கரையிலயும் கடிக்கும்.