விரலைக் காட்டினால் மூளை தெரியாது

மருத்துவ உளவியலாளரான (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்) என்னிடம் போன வாரம் இன்னொன்று வந்தது. வழவழப்பான தாள், வண்ண அச்சு, ஸ்பைரல் பைண்டிங், அட்டையில் பாதி நீலமும் பாதி சிவப்புமாக ஒரு மூளை. நான்காம் வகுப்புப் பையனின் 'பிறவித் திறன்' ரிப்போர்ட். இரண்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியிலேயே முகாம் போட்டு, பத்து விரல்களையும் ஸ்கேன் செய்து கொடுத்தது. மொழித்திறன் குறைவு, உடல்திறன் அதிகம், உட்கார்ந்து படிக்கிற ரகம் இல்லை, செய்து பார்த்துக் கற்கிற ரகம் என்று எழுதியிருக்கிறது. அதை நம்பி, வீட்டில் வாசிப்புப் பயிற்சியை விட்டுவிட்டுக் கராத்தேயிலும் நடனத்திலும் சேர்த்திருக்கிறார்கள். வகுப்பு மிஸ் கூப்பிட்டுச் சொன்னபோதெல்லாம் இந்தக் கோப்பைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

பையனுக்கு இருப்பது டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பிலும் எழுத்திலும் வரும் கற்றல் குறைபாடு. எழுதும்போது புள்ளி விட்டுப்போகிறது, கொம்பு இடம் மாறுகிறது, ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் வியர்த்துவிடுகிறது. ஆனால் ஒரு கதையைச் சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்டால், நடுவில் வந்துபோன பாத்திரத்தைக்கூட விடாமல் சொல்கிறான். மொழித்திறன் குறைவாம்! இரண்டு வருடம் போய்விட்டது. அந்த இரண்டு வருடமும் வாசிப்புக் குறைபாட்டுக்குப் பயிற்சி கொடுக்க மிகத் தோதான வயது என்பதுதான் என் கோபம். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெற்றோரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

விரல் ரேகையை வைத்துப் பிறவித் திறனைச் சொல்வதாக விற்கப்படும் இந்தச் சோதனைக்கு டி.எம்.ஐ.டி. (டெர்மடோகிளிஃபிக்ஸ் மல்டிபிள் இன்டெலிஜென்ஸ் டெஸ்ட்) என்று பெயர். மடிக்கணினியும் கையடக்க ஸ்கேனரும் போதும். சுழி, வளையம், வில் என்று ரேகையின் அமைப்பைப் பிரித்து, கோடுகளை எண்ணி, ஒவ்வொரு விரலையும் மூளையின் ஒரு பகுதிக்கு ஒதுக்கி, குழந்தை என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்பது வரை சொல்லிவிடுவார்கள். நடுவில் ஹோவர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க உளவியலாளரின் பெயரும் வரும். அறிவுத்திறன் ஒன்றல்ல, மொழி, கணக்கு, இசை என்று பல வகை என 1983இல் அவர் முன்வைத்த பன்முக அறிவுத்திறன் கோட்பாட்டிலேயே எங்கள் துறைக்குள் ஏகப்பட்ட சண்டை உண்டு, அது வேறு கதை. ஆனால் அந்தக் கோட்பாட்டில் எந்த மூலையிலும் விரல் ரேகைக்கு வேலை இல்லை.

ரேகையைப் பற்றிய உண்மையான படிப்பு ஒன்று இருக்கிறது. 1926இல் ஹெரால்டு கம்மின்ஸ் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் அதற்கு டெர்மடோகிளிஃபிக்ஸ் என்று பெயர் வைத்தார். டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளின் உள்ளங்கையில் குறுக்கே ஒரே கோடு ஓடுவது அதிகம் காணப்படும். மரபணுக் கோளாறுகளைச் சந்தேகிக்க அதை ஒரு துணை அடையாளமாக மருத்துவர்கள் பார்ப்பார்கள். ஆளை அடையாளம் காணவும் ரேகை பயன்படும். 1897இல் கல்கத்தாவில்தான் இதற்கென்று உலகின் முதல் அலுவலகமே தொடங்கியது. யார் என்று சொல்லும் ரேகை, எப்படிப்பட்டவர் என்றும் சொல்லும் என்பது விற்பவர்கள் ஒட்டவைத்த வால்.

'மூளையும் ரேகையும் கருவில் ஒரே காலத்தில், ஒரே அடுக்கிலிருந்து உருவாகின்றன' என்பார்கள். உண்மைதான். பல் எனாமலும் நகமும் முடியும் அதே அடுக்கிலிருந்துதான் வருகின்றன. நகத்தைப் பார்த்து உங்கள் மகளுக்குக் கணக்கு வருமா என்று சொல்ல முடியுமா? ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்குக்கூட ரேகை வேறு வேறு. அறிவுத்திறனில் மிக நெருக்கமாக இருக்கும் இரட்டையர்களுக்கு ரேகை அப்படியே ஒத்துப்போவதில்லை என்றால், அதற்குமேல் நான் என்ன சொல்ல வேண்டும்?

இதெல்லாம் சொன்ன பிறகும் பெற்றோர் கேட்பது ஒரே கேள்விதான். "எல்லாம் சரி மேடம், ஆனா அதுல எழுதியிருந்தது அப்படியே எங்க பையனுக்குப் பொருந்துச்சே, அது எப்படி?" படித்தவர்கள், பொறியாளர்கள், ஏன், ஆசிரியர்களே கேட்கிறார்கள். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

பொருந்தும். பொருந்தத்தான் செய்யும். யாருக்கு எழுதினாலும் பொருந்துகிற மாதிரி எழுதியதுதான் அது.

1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவருக்கும் 'உங்கள் முடிவு' என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் வகுப்பில் விஷயத்தை உடைத்தார். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களைப் பெட்டிக்கடையில் வாங்கிய ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். மற்றவர்கள் தன்னை விரும்ப வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டு; வெளியே கட்டுப்பாடாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுகிறவர்; உங்களிடம் இன்னும் பயன்படுத்தாத திறமை நிறைய இருக்கிறது. இப்படிப் பதின்மூன்று வாக்கியங்கள். இதை மறுக்கிற மனிதர் யார்? பின்னால் 1956இல் பால் மீல் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு சர்க்கஸ் முதலாளியின் பெயரை வைத்து 'பார்னம் விளைவு' என்றார். முதலாண்டு உளவியல் மாணவருக்கு வருகிற பாடம் இது. அதைத்தான் ஸ்பைரல் பைண்டிங் போட்டு விற்கிறார்கள்.

பெற்றோர் கூட்டங்களில் நானும் இதைச் செய்வதுண்டு. குழந்தையின் பெயரையும் பிறந்த மாதத்தையும் வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு மூடிய உறையைக் கொடுப்பேன். 'பிடித்த விஷயத்தில் மணிக்கணக்கில் உட்காருவான், பிடிக்காததில் கவனம் சிதறும். திட்டினால் அடம் பிடிப்பான், அன்பாகச் சொன்னால் கேட்பான். கெட்டிக்காரன், ஆனால் முழுத்திறமையையும் காட்டுவதில்லை.' படித்துவிட்டுத் தலையாட்டுவார்கள். சில அம்மாக்கள் கண் கலங்குவார்கள். பக்கத்து நாற்காலிக்காரரின் தாளை வாங்கிப் பாருங்கள் என்று சொன்னதும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழும். வாங்கிய ரிப்போர்ட்டைப் பற்றி அப்போதுதான் முதல்முறையாகச் சந்தேகம் வரும்.

இன்னொன்றும் நடக்கிறது. பொருந்திய நான்கு வரி மனதில் நிற்கும், பொருந்தாத பத்து வரி அடுத்த நாளே மறந்துபோகும். முகாமில் ஸ்கேன் எடுத்தவர் முன்னும் பின்னும் உங்களிடம் எவ்வளவு நேரம் பேசினார் என்பதும் மறந்துபோகும். 'பையன் கொஞ்சம் துறுதுறுவோ?' என்று அவர் கேட்டதற்கு நீங்கள்தான் பதினைந்து நிமிடம் பதில் சொன்னீர்கள். வைத்தீஸ்வரன்கோவிலில் நாடி பார்க்கப் போகிறவர்களும் பெருவிரல் ரேகையைத்தான் கொடுக்கிறார்கள். அங்கே போகிறவருக்கு ஜோதிடம் பார்க்கிறோம் என்று தெரிந்தாவது இருக்கிறது. இங்கே அதையே அறிவியல் என்று சொல்லி வாங்குகிறார்கள்.

'சும்மா ஒரு தெரிந்துகொள்ளல்தானே, என்ன கெட்டுப்போகும்?' என்று ஒரு தலைமையாசிரியர் என்னிடம் கேட்டார். கெட்டுப்போவது பணம் மட்டும் என்றால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

1948இலேயே சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் ஒன்றை விளக்கினார். ஒரு தவறான நம்பிக்கையை எல்லோரும் உண்மை என்று எடுத்து நடந்துகொண்டால், அந்த நடத்தையே அதை உண்மையாக்கிவிடும். நன்றாக நடக்கும் வங்கி திவாலாகப்போகிறது என்று வதந்தி கிளம்பினால், எல்லோரும் ஓடிப்போய்ப் பணத்தை எடுக்க, வங்கி நிஜமாகவே விழுந்துவிடும் என்பது அவர் சொன்ன உதாரணம். வகுப்பறைக்கும் இது பொருந்துமா என்று ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தார்கள். இந்தக் குழந்தைகள் இந்த வருடம் பளிச்சென்று முன்னேறுவார்கள் என்று ஆசிரியர்களிடம் சில பெயர்களைக் கொடுத்தார்கள். உண்மையில் அவை குருட்டாம்போக்கில் பொறுக்கிய பெயர்கள். ஆனால் வருட முடிவில் அந்தக் குழந்தைகளே அறிவுத்திறன் சோதனையில் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள் என்றார்கள். 1968இல் வந்த அந்த முடிவு ரொம்பவே பெரிதுபடுத்தப்பட்டது என்று பின்னால் நிறைய விமர்சனம் வந்தது, அது நியாயமான விமர்சனம்தான். ஆனால் விளைவு கண்ணுக்குத் தெரிந்தது எந்த வகுப்புகளில் என்று பாருங்கள். ஒன்றிலும் இரண்டிலும். நம் ஊரில் ஸ்கேன் முகாம் நடத்துவதும் அந்த வயதில்தான்.

இந்தப் பையன் விஷயத்தில் அதுதான் நடந்தது. மொழி வராது என்று எழுதியதால் மொழிப் பயிற்சியை நிறுத்தினார்கள். பயிற்சி நின்றதால் மொழி வரவில்லை. வரவில்லை என்றதும், 'பாருங்கள், ரிப்போர்ட் சரியாகத்தானே சொல்லியிருக்கிறது' என்றார்கள்.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்ற மூன்று ரகப் பிரிவினையையும் விட்டுவிடுங்கள். 2008இல் நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசினார்கள். குழந்தையின் ரகத்துக்கு ஏற்பச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகப் படிக்கும் என்பதற்குத் தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை. பாடத்துக்கு ஏற்றபடி கற்பிக்கும் முறை மாறலாம். பூகோளத்துக்கு வரைபடம் வேண்டும், வாய்ப்பாட்டுக்குக் காது வேண்டும். அவ்வளவுதான்.

அப்படியானால் என்ன செய்வது?

குழந்தை படிப்பில் திணறினால் முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். சிரிக்காதீர்கள், கரும்பலகை தெரியாமல் 'மந்தம்' என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அப்புறம் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் போங்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், என்னிடமும் கேளுங்கள், சுவரில் மாட்டியிருக்கிறேன். முறையான மதிப்பீடு என்றால் பினே-காமத் மாதிரி ஓர் அறிவுத்திறன் சோதனை, வாசிப்பு, எழுத்து, கணக்குக்கான தனிச் சோதனை, பள்ளி நோட்டுகள், மிஸ்ஸுடன் பேச்சு என்று சில அமர்வுகள் ஆகும். ரிப்போர்ட் கறுப்பு வெள்ளையில் சில பக்கம் வரும், மூளைப் படம் இருக்காது. எந்த வேலைக்குப் போவான் என்றும் அதில் எழுத மாட்டோம். 1905இல் ஆல்ஃபிரெட் பினே முதல் அறிவுத்திறன் சோதனையைச் செய்ததே, பள்ளியில் கூடுதல் உதவி யாருக்குத் தேவை என்று கண்டுபிடிக்கத்தான்.

தலைமையாசிரியர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பள்ளி வளாகத்தில் ஒரு மேஜையைப் போட்டுக் கொடுத்தால், அது பள்ளியின் பரிந்துரை என்றுதான் பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய் யோசிக்காமல் கைமாறுவது அதனால்தான். பத்து விரலின் ரேகையும் யாரோ ஒருவரின் மடிக்கணினிக்குள் போகிறது. சிறு பிள்ளைகளின் ரேகை! அதை யார் வைத்திருக்கிறார்கள், எப்போது அழிப்பார்கள் என்று ஒருவராவது கேட்டதுண்டா?

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? உங்கள் மேல் தப்பில்லை. பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தான் பணம் கட்டினீர்கள். அந்தக் கோப்பைப் பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், முடிந்தால் கிழித்துப் போடுங்கள். விருந்தாளிகள் முன்னால் 'இவனுக்குக் கணக்கு மூளை இல்லையாம்' என்று படித்துக் காட்டாதீர்கள். அவன் பக்கத்து அறையில்தான் இருக்கிறான்.

வாசிப்பில் தடுமாறுகிற குழந்தை என்றால் காத்திருக்கவே வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் மாதிரியான சலுகைகள் கிடைக்கும். எட்டு வயதாகட்டும், சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஆரம்பிக்கலாம் என்று சிலர் தள்ளிப்போடுகிறார்கள். சான்றிதழ் சலுகைக்குத்தான். பயிற்சிக்கு அது தேவையில்லை, ஆறு வயதிலேயே தொடங்கலாம்.