கூகுளில் வரும் தளம் டக்டக்கோவில் ஏன் வரவில்லை?

பாளையங்கோட்டையில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். நாற்பது வருடம் ரேடியோ மெக்கானிக்காகக் கடை வைத்திருந்தவர். வால்வு ரேடியோவும் போய், டிரான்சிஸ்டரும் போய், கடையையும் மூடிய பிறகு, கை அறிந்ததை எல்லாம் ஒரு இணையதளத்தில் எழுதி வைக்க ஆரம்பித்தார். அந்தத் தளத்தைப் பராமரிப்பது நான். இப்படிப்பட்ட சிறிய தளங்களை அமைத்துக் கொடுப்பதும், அவை தேடலில் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்வதும்தான் பதின்மூன்று வருடமாக என் தொழில்.

ஒருநாள் காலையில் போன் செய்தார். "தம்பி, இங்க பசங்க போன்ல தேடுனா நம்ம பக்கம் வருது. பெங்களூர்ல எம் மக தேடுனா வரவே மாட்டேங்குதாம். நீ ஏதும் மாத்துனியா?"

நான் எதையும் மாற்றவில்லை. மகள் எதில் தேடுகிறார் என்று கேட்டேன். டக்டக்கோ என்ற தேடுபொறியில் என்றார். யாஹூவில் போட்டுப் பார்க்கச் சொன்னேன், அதிலும் இல்லை. பிங்கிலும் இல்லை. அண்ணாச்சியின் குரல் இறங்கிவிட்டது. "மூணு கம்பெனிக்காரனும் நம்மள வேண்டாம்னுட்டானா?"

அவர் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. தொழிலில் இருக்கிறவர்களே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் டக்டக்கோ, யாஹூ, பிங் என்று மூன்று பெயர் இருந்தாலும், சாதாரணத் தேடல் முடிவுகளைப் பொறுத்தவரை பின்னால் இருக்கிற அட்டவணை பெரும்பாலும் ஒன்றுதான். அது மைக்ரோசாஃப்டின் பிங். அண்ணாச்சியின் தளத்தை மூன்று பேர் ஒதுக்கவில்லை. ஒரே ஒரு கதவு எங்கேயோ சாத்தியிருந்தது.

எந்தத் தேடுபொறியும் நாம் கேட்கும் நேரத்தில் இணையத்துக்குள் ஓடிப்போய்த் தேடுவதில்லை. முன்கூட்டியே கிராலர் என்ற மென்பொருள் தளம் தளமாகப் போய்ப் படித்துவிட்டு வரும். படித்தது பெரிய அட்டவணையாகச் சேரும். இண்டெக்ஸ் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். நாம் கேட்கும்போது அந்த அட்டவணையிலிருந்து எடுத்து வரிசைப்படுத்திக் காட்டுகிறார்கள். இணையம் முழுவதையும் படித்து வைக்கப் பெரும் பணம் வேண்டும் என்பதால், சொந்த அட்டவணை வைத்திருப்பவர்கள் சிலர்தான்: கூகுள், பிங், ரஷ்யாவின் யாண்டெக்ஸ், சீனாவின் பைடு, அப்புறம் அளவில் சிறியவர்களான பிரேவ், மோஜீக். மற்ற பலர் இவர்களில் யாரிடமாவது வாங்கிக் காட்டுகிறார்கள். ஸ்டார்ட்பேஜ் என்ற தேடுபொறி பல வருடங்களாக நமக்குக் கொடுப்பது பெரும்பாலும் கூகுளின் முடிவுகளை. நம்மைப் பின்தொடராமல் கொடுக்கிறது என்பதுதான் வித்தியாசம். அந்தரங்கத்துக்கு அது நல்லது. ஆனால் ஒரு சின்னத் தளம் கூகுளில் கண்ணில் படவில்லை என்றால், ஸ்டார்ட்பேஜிலும் படுவது கஷ்டம்.

2024 மே 23 அன்று இது எல்லோருக்கும் தெரியும்படி வெளிச்சமானது. அன்று பிங்கில் கோளாறு. கூடவே டக்டக்கோவும், பிங்கிடம் வாங்கிக் காட்டும் இன்னொரு தேடுபொறியான ஈகோசியாவும் முடிவுகளைத் தர முடியாமல் நின்றன.

சரி, அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். எந்த நிமிடம் யார் வந்து எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள், என்ன பதில் போனது என்று வரிவரியாக அதில் இருக்கும். கூகுளின் கிராலர் வந்த ஒவ்வொரு வரியிலும் 200 என்ற எண். கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று பொருள். பிங்கின் கிராலர் வந்த வரிகளில் எல்லாம் 403. வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் பல மாதங்களாக, ஒருநாள் விடாமல். இடம் கொடுத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனம், கெட்ட போட்களை, அதாவது தொல்லை தரும் தானியங்கி மென்பொருள்களைத் தடுக்கிறோம் என்று போட்டிருந்த பாதுகாப்பு விதி ஒன்று பிங்கையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபது நிமிடத்தில் சரி செய்யக்கூடிய வேலைக்கு, மகளுக்கே அப்பாவின் எழுத்து கிடைக்காமல் போயிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

விதியை எடுக்க வைத்து, தளம் நடத்துகிறவர்களுக்காகப் பிங் வைத்திருக்கும் வெப்மாஸ்டர் டூல்ஸில் தளத்தைப் பதிவு செய்தேன். இண்டெக்ஸ்நவ் வழியாகவும் பக்கங்களின் முகவரிகளை அனுப்பினேன். மைக்ரோசாஃப்டும் யாண்டெக்ஸும் சேர்ந்து 2021 அக்டோபரில் கொண்டுவந்த முறை அது. கிராலர் வரும்வரை காத்திருக்காமல், பக்கம் புதிது, வந்து படி என்று நாமே தகவல் சொல்லலாம். சிறு தளங்களுக்கு நல்ல உதவி, ஏனென்றால் அவற்றின் வாசலுக்குக் கிராலர்கள் அடிக்கடி வருவதில்லை. கூகுள் இதில் சேரவில்லை, அதற்குச் சொல்ல சர்ச் கன்சோல் என்ற தனிக் கருவி இருக்கிறது. சில வாரங்களில் பிங்கிலும் டக்டக்கோவிலும் யாஹூவிலும் அண்ணாச்சி வந்துவிட்டார்.

ஆனால் அட்டவணைக்குள் வருவது ஒன்று, வரிசையில் மேலே வருவது வேறு. ரேஷன் கார்டில் பெயர் இருப்பதற்கும் கியூவில் முன்னால் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

கூகுளின் அடிப்படை, லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது 1998இல் விவரித்த பேஜ்ரேங்க். ஒரு பக்கத்துக்கு யார் யார் இணைப்புக் கொடுக்கிறார்கள், கொடுக்கிறவர்களுக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்ப்பது. அதன்மேல் இன்று எத்தனையோ அளவுகோல்கள் சேர்ந்துவிட்டன. அதில் ஒன்று கூகுள்மேல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் வெளியே வந்தது. கூகுளின் தேடல் பிரிவுத் துணைத் தலைவர் பாண்டு நாயக் 2023 அக்டோபரில் சாட்சி சொன்னபோது, மக்கள் எதைச் சொடுக்கினார்கள் என்ற 13 மாதத் தரவைப் பயன்படுத்தும் நேவ்பூஸ்ட் என்ற அமைப்பைப் பற்றிச் சொன்னார். பொதுவான தேடலுக்கு இது நல்ல வழிதான். அண்ணாச்சியின் பக்கத்தை யோசித்துப் பாருங்கள். ஏசி/டிசி இரண்டு மின்சாரத்திலும் ஓடும் பழைய வால்வு ரேடியோ செட்டைப் பழுது பார்ப்பது பற்றி தமிழில் மாதத்துக்கு எத்தனை பேர் தேடுவார்கள்? சொடுக்கும் இணைப்பும் வாக்கு என்றால், இப்படிப்பட்ட தளத்துக்கு வாக்காளரே கிடையாது.

2022 ஆகஸ்டில் கூகுள், பயனுள்ள உள்ளடக்கத்தை மேலே கொண்டுவருவதாகச் சொல்லி ஒரு மாற்றம் செய்தது. 2023 செப்டம்பரில் அதையே மீண்டும் செய்தபோது, பல சுயேச்சைத் தளங்களின் வருகை ஒரேயடியாகச் சரிந்தது. மறுபக்கம், 2024 பிப்ரவரியில் ரெடிட் என்ற பெரிய விவாதத் தளத்துடன் அதன் பதிவுகளைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது. அந்த ஜூலைக்குள், கூகுளைத் தவிரப் பெரும்பாலான தேடுபொறிகளில் ரெடிட்டின் புதிய பதிவுகள் வராமல் போயின. பெரிய தளங்கள் தங்கள் பெயரின் பலத்தில் சம்பந்தமில்லாத கூப்பன் பக்கங்களை வாடகைக்கு ஏற்றிக்கொண்டிருந்ததை 2024 மே முதல் கூகுள் தண்டிக்கத் தொடங்கியது. அது நியாயமான நடவடிக்கை என்றே நினைக்கிறேன். ஆனாலும் பெரிய பெயருக்கு இருக்கும் சாய்வு முழுக்கப் போய்விடவில்லை.

பிங் தன் அளவுகோல்களை வெளிப்படையாகவே பட்டியலிட்டிருக்கிறது: தேடலுக்குப் பொருத்தம், தரமும் நம்பகமும், மக்கள் பயன்படுத்தும் விதம், புதுமை, இடம், பக்கம் திறக்கும் வேகம். என் அனுபவத்தில், தலைப்பிலும் முதல் பத்தியிலும் அதே சொல் இருந்தால் பிங் அதற்கு நல்ல மதிப்புக் கொடுக்கிறது. பொருளை ஊகிப்பதில் கூகுள் ஒரு படி மேலே. துறைசார்ந்த தேடலில் இந்த ஊகமே சில சமயம் காலை வாரும். "வால்வு கோளாறு" என்று மட்டும் தமிழில் அடித்துப் பாருங்கள். இதய மருத்துவப் பக்கங்கள் வரிசைகட்டும், அடுத்துத் தண்ணீர்க் குழாய். நூறு பேர் கேட்டால் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது சரியான பதில். நூறாவது ஆள் மேசைமேல் மர்பி ரேடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவருக்குத் தப்பான பக்கம் கிடைத்தால் விளைவு சாதாரணமில்லை. ரேடியோவில் 'உம்ம்' என்று இரைச்சல் வந்தால் பெரும்பாலும் ஃபில்டர் கண்டன்சர் என்ற, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம் காய்ந்திருக்கும், மாற்ற வேண்டும். பொதுவான பக்கங்கள் அதோடு நிறுத்திவிடுகின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்டன்சரில் 200 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம் என்பது அண்ணாச்சியின் பக்கத்தில் இருக்கிறது. ஏசி/டிசி செட்டில் மெயின் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, கரண்ட் வயர்களில் ஒன்று நேராகச் சேசிஸ் என்ற உள்தகரச் சட்டத்தில் சேரும், இரண்டு பின் பிளக்கைத் திருப்பிச் சொருகினால் தகரம் முழுக்க 230 வோல்ட் நிற்கும் என்பதும் அங்கேதான் இருக்கிறது. சின்னத் தளம் பின்னால் போவதைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இதுதான். தொட்டுப் பார்த்த கை எழுதியது பத்தாம் பக்கத்துக்குப் போய்விடுகிறது.

கூகுள், பிங் இரண்டையும் தாண்டிப் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில இடங்கள் உண்டு. பிரேவ் 2021இல் தொடங்கி, 2023 ஏப்ரலில் சாதாரணத் தேடல் முடிவுகளுக்குப் பிங்கை விட்டுவிட்டுத் தன் அட்டவணையில் நிற்கிறது. காகிள்ஸ் என்ற வசதியில், எந்த மாதிரித் தளங்கள் மேலே வர வேண்டும் என்று விதி எழுதி வைத்து நாமே வரிசையை மாற்றலாம். பிரிட்டனின் மோஜீக் 2004 முதல் சொந்தக் கிராலரை வைத்துத் தளங்களைப் படித்து வருகிறது. யார் தேடுகிறார் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே முடிவைக் கொடுக்கும். காகி கட்டணத் தேடுபொறி. பிடித்த தளத்தை உயர்த்தலாம், பிடிக்காததை ஒரேயடியாக மறைக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது மார்ஜினேலியா. ஸ்வீடனில் விக்டர் லோவ்கிரென் என்ற ஒற்றை மனிதர் 2021இல் தொடங்கியது. விளம்பரமும் ஸ்கிரிப்டும் நிறைந்த பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளி, எழுத்து நிறைந்த எளிய பக்கங்களை முன்னால் கொண்டுவருகிறது. மற்றவர்கள் வரிசையில் கடைசியில் நிற்பவர்கள் இதில் முதலில் நிற்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது முக்கியமாக ஆங்கிலப் பக்கங்களுக்கானது.

தமிழில் நமக்குக் கூடுதல் சிக்கல் இருக்கிறது. ரேடியோ, ரேடியோவில், ரேடியோவுக்கு, ரேடியோவை என்று ஒரு சொல்லே பல உருவம் எடுக்கும். கண்டன்சர், கன்டென்சர், கெபாசிட்டர், மின்தேக்கி என்று ஒரு பொருளுக்கே பல பெயர். சொல்லைச் சொல்லாகவே பொருத்தும் சிறிய தேடுபொறிகள் இங்கே திணறும். அதனால் தளம் நடத்துகிறவர்கள் மக்கள் வாயில் வரும் பெயர்கள் எல்லாவற்றையும் இயல்பாகப் பக்கத்தில் ஒரு தடவையாவது எழுதிவிடுங்கள். குறிப்புகளைப் படமாக ஏற்றாமல் எழுத்தாகப் போடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஏற்றிய பக்கங்கள் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றுங்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கிராலரின் கையில் போவது பொருளில்லாத ஆங்கில எழுத்துக் கோவை.

உங்கள் தளம் எங்கே நிற்கிறது என்று பார்க்க, முதலில் பிரவுசரில் தனிப்பட்ட சாளரத்தை (இன்காக்னிட்டோ) திறந்துகொள்ளுங்கள். வழக்கமான சாளரத்தில் உங்கள் பழக்கமும் முடிவில் கலந்துவிடும். பிறகு ஆங்கிலத்தில் 'சைட்' (site) என்று அடித்து, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியைப் போடுங்கள். கூகுள், பிங், பிரேவ் மூன்றிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். உங்கள் பக்கங்கள் வந்தால் அட்டவணையில் இருக்கிறீர்கள், பிரச்சினை வரிசையில். ஒன்றுமே வரவில்லை என்றால், எழுத்தைத் திருத்த உட்காராதீர்கள். சர்வர் பதிவேட்டையும், கிராலர்கள் எங்கே வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பையும் முதலில் பாருங்கள். வரிசையைக் கேட்டுத்தான் பலர் என்னிடம் வருகிறார்கள். பாதிப் பேருக்குக் கதவுதான் சாத்தியிருக்கிறது.

தேடுகிறவர்களும் ஒன்று செய்யலாம். கூகுளில் முடிவுகளுக்கு மேலே 'வெப்' என்ற வடிகட்டி 2024 மே முதல் இருக்கிறது. அதைத் தொட்டால் வீடியோவும் மற்றதும் போய் வெறும் தளங்கள் மட்டும் நிற்கும். பிறகு அதே கேள்வியை வேறு அட்டவணை உள்ள ஒன்றில் போடுங்கள். கூகுளுக்கு அடுத்து ஸ்டார்ட்பேஜ், பிங்குக்கு அடுத்து டக்டக்கோ என்று போனால் பெரும்பாலும் பார்த்ததையே திரும்பப் பார்ப்பீர்கள்.

போன மாதம் பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில், எந்தெந்தச் சொற்களுக்கு அண்ணாச்சியின் பக்கங்கள் வந்தன என்ற பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வரி: "பழைய ரேடியோ தொட்டா ஷாக் அடிக்குது". போனில் அவருக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பிளக் விஷயத்த நாலாவது பத்தியில வச்சிருக்கேன் தம்பி. அத மேல ஏத்திரு, இப்பவே ஏத்திரு" என்றார். அவர் போனை வைப்பதற்குள் ஏற்றிவிட்டேன்.