கிண்ணத்துக்குள் இரும்புத்தூள்

காரைக்குடியிலிருந்து அண்ணன் மகள் போன வாரம் ஒரு வாட்ஸ்அப் வீடியோ அனுப்பினாள். கார்ன் ஃப்ளேக்ஸைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் காந்தத்தைக் காட்டினால் கறுப்பாக ஏதோ வந்து ஒட்டுகிறது. "அத்தை, இரும்புத்தூளைக் கலந்து விக்கிறாங்க, நாங்களும் தின்னுக்கிட்டு இருக்கோம்!" என்று கூடவே குரல் பதிவு. எங்கம்மாவுக்கு ஏக குஷி. இட்லியை விட்டுட்டுச் சருகைத் தின்னா இப்படித்தான் என்று பின்னாலிருந்து அவர் குரலும் கேட்டது.

கலப்படமெல்லாம் இல்லை. அது இரும்புதான், தெரிந்தே போட்டது, அட்டைப்பெட்டியில் அச்சடித்தும் இருக்கும். மக்காச்சோளத்தின் தோலையும் முளையையும் நீக்கிவிட்டுத்தான் செதில் தட்டுகிறார்கள், சத்தில் பெரும்பங்கு அதோடு போய்விடுகிறது, அப்புறம் வெளியிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கிறது. இரும்பு சல்ஃபேட் போன்ற இரும்பு உப்பைச் சேர்த்தால் என்ன என்று கேட்கலாம். சேர்க்கலாம், ஆனால் அது கொழுப்போடு வினைபுரிந்து சிக்கு வாடை வரவைக்கும், நிறமும் மாறும். உலோகத்தூள் பெட்டிக்குள் சும்மா கிடக்கும். அதனால் பல வகைகளில் உலோகமாகவே போட்டுவிடுகிறார்கள்.

சரி, உலோகத்தைத் தின்றால் ரத்தத்தில் எப்படிச் சேரும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பள்ளிக்கூட ஆய்வகத்தில் இரும்பு ஆணியை அமிலத்தில் போட்டுக் குமிழி வருவதைப் பார்த்தோமே, அதே வேலையைத்தான் வயிறு செய்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரும்பு அணுவிடமிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்ள, அணு மின்னூட்டம் கொண்ட அயனியாகிக் கரைகிறது, ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. 5 மில்லிகிராம் இரும்பு முழுக்கக் கரைந்தால் சுமார் 2 மில்லிலிட்டர் ஹைட்ரஜன், ஒரு குட்டி ஏப்பத்துக்குக்கூடக் காணாது. ஆனால் ஆணியை விழுங்கினால் இது நடக்காது, வயிறு உணவை வைத்திருக்கும் சில மணி நேரம் அதற்குப் போதாது. தூளாக இருப்பதால்தான் நடக்கிறது: துகளின் அளவைப் பாதியாக்கினால், அதே எடைக்கு அமிலம் தொடும் பரப்பு இரு மடங்காகும். அதனால்தான் 45 மைக்ரோமீட்டருக்கும் கீழே, தலைமுடியைவிட மெல்லியதாக அரைக்கிறார்கள். அப்படியும் முழுசாகக் கரையாது. மின்னாற்பகுப்பில், அதாவது கரைசலில் மின்சாரம் செலுத்திப் படியவைத்து எடுக்கும் தூளை, இரும்பு சல்ஃபேட்டைப் போல இரண்டு மடங்கு போடச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

மின்னாற்பகுப்பு என்றதும் ஊர் ஞாபகம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்தது மத்திய மின்வேதியியல் ஆய்வகம், 1948ல் அடிக்கல். உலோகம் எப்படி அரிக்கிறது, எப்படிப் படிகிறது என்பதுதான் அவர்கள் பாடம். இன்றைக்கு கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கேட்டால் பணம் கொட்டுகிறது, ஆய்வகத்துக்குக் கேட்டுப் பாருங்கள். இரும்புக்கே திரும்பினால், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. கண்பட்டது என்று கயிறு கட்டி இது தீராது.

பலகாரத்தோடு காபி குடிக்கும் நம் பழக்கமும் உதவாது, அதிலுள்ள பாலிபீனால்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்துவிடலாம். நெல்லிக்காய், எலுமிச்சை எதிர்ப்பக்கம் வேலை செய்யும், இரும்பு உடம்பில் சேர உதவும்.

காலை உணவால் இரும்பு சேரலாம், ஆனால் காலையில் சாப்பிட்டால் உடம்பு இளைக்கும் என்பதை மட்டும் நான் நம்புவதில்லை. 13 சோதனைகளைத் தொகுத்து 2019ல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், காலையில் சாப்பிட்டவர்கள்தான் நாளுக்குச் சராசரியாக 260 கலோரி கூடுதலாக உண்டிருந்தார்கள். பள்ளிப்பிள்ளை கதை வேறு, பசியோடு உட்கார்ந்தால் பாடம் ஏறாது.

நேற்று அவளிடமிருந்து அடுத்த வீடியோ. கவுனி அரிசியைப் பொடித்துக் காந்தம் வைத்திருக்கிறாள், ஒன்றும் ஒட்டவில்லை. "இதுல இரும்பே இல்லையா அத்தை?" இருக்கிறது. ஆனால் இரும்பு அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி, அவை உலோகத்தில் போலக் கூடி ஒரே திசையில் நின்றால்தான் காந்தம் பளிச்சென்று இழுக்கும். அரிசியில் அவை அயனிகளாக, தானியத்தில் இயல்பாகவே உள்ள ஃபைட்டிக் அமிலத்தோடு பிணைந்து தனித்தனியாகக் கிடக்கின்றன.