வெயில் காலத்தில் காற்றைக் குறைக்காதீர்கள்

"அண்ணே, வெயில் காலம். ரெண்டு பாயின்ட் கம்மியாவே வையுங்க, சூட்டுல விரிஞ்சு வெடிச்சிரப் போகுது." விராலிமலை பக்கம் நான்கு வழிச்சாலையோரம் டயர் கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் இதைக் கேட்காத நாளே இல்லை. பாயின்ட் என்றால் டயரின் காற்றழுத்த அளவு, பி.எஸ்.ஐ. ஆனால் என் கடைக்குக் கிழிந்து வரும் டயர்களில் பெரும்பாலானவை காற்று குறைவாக ஓடியவைதான்.

போன மே மாதம் ஒரு ஏழு சீட்டர் வந்தது. கோயிலுக்குப் போய்த் திரும்பும் குடும்பம். பெரியவர்கள் ஏழு பேர், மடியில் இரண்டு பிள்ளைகள், கேரியரில் பைகள், பின்னால் இரண்டு சிப்பம் அரிசி, ஒரு பலாப்பழம். பின்பக்க இடது டயர் வழியில் கிழிந்து, ஸ்டெப்னி போட்டு வந்திருந்தார்கள். "ஆணி எதுவும் ஏறலையே அண்ணே, பட்டன்கூட நல்லா இருக்கே" என்றார் ஓட்டிவந்த தம்பி. பட்டன் என்றால் தரையில் படும் ரப்பர் கட்டைகள்; அவை தேயாமல் இருந்தது உண்மைதான். வலது பக்க டயரையும் ரிம்மிலிருந்து பிரித்துக் கவிழ்த்தேன். காப்பித்தூள் மாதிரி ஒரு கைப்பிடி கறுப்புத் தூள் கொட்டியது. உள்பக்கச் சுவரில் சுற்றிலும் விரலகலத்துக்கு மடிப்புத் தழும்பு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

காற்று குறைந்தால், தரையில் படும் இடத்தில் டயரின் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் கை சுடுமே, அதே கதைதான். 100 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 850 தடவை இது நடக்கிறது. மேலே பாரமும் கீழே மே மாதத் தார் ரோடும் சேர்ந்தால், ரப்பர் உள்ளிருந்தே வெந்து விட்டுப்போகும்.

ஓட்டத்தில் நாலைந்து பாயின்ட் ஏறுவதையும் கணக்கில் வைத்துத்தான் கம்பெனி அளவு சொல்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் இருக்கும். பல வண்டிகளில் இரண்டு அளவு போட்டிருப்பார்கள்; முழு பாரத்துக்குப் பின் டயரில் கூட்டத்தான் சொல்லியிருக்கும். காலையில் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். சூடான டயரில் அளந்து காற்றை இறக்கவே இறக்காதீர்கள். அப்புறம் ஸ்டெப்னி, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது எடை. வெற்று எடை ஆர்.சி.யில் இருக்கும், மொத்த எடை வரம்பு வண்டிக் கையேட்டில் இருக்கும். ஒரு வண்டிக்கு 1,200, 1,750 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 550 கிலோ. ஆளுக்கு 70 கிலோ என்றால் ஏழு பேருக்கே 490 போய்விட்டது. 26 கிலோ சிப்பம் இரண்டு வைத்தால் 52. மீதி எட்டு கிலோதான். பிள்ளைகளும் பைகளும் பலாப்பழமும் எங்கே போவது? டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் 88 என்று போட்டிருந்தால் அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று அர்த்தம். அதுவும் காற்று சரியாக இருந்தால்தான்.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது.

அந்தக் குடும்பத்துக்குப் பின் டயர் இரண்டையும் மாற்றினேன். நான் கேட்டுக்கொண்டபடி அரிசியைக் கடையில் இறக்கினார்கள். அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். அடுத்த ஞாயிறு அந்தத் தம்பி தனியாக வந்து மூட்டைகளை எடுத்துப் போனார்.