சுக்கு எப்படி அடிவயிற்று வலியைக் குறைக்கிறது?

பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து பாசி எடுக்கப் போகும் பெண்கள் மணிக்கணக்கில் கடலில் மூழ்கி எழுகிறார்கள். மாதவிடாய் நாள் என்பதற்காக எல்லோராலும் தொழிலை விட்டுவிட முடியாது. அடிவயிறு இழுத்துப் பிடித்தால் நம் பக்கத்து வீடுகளில் சுக்கைத் தட்டிக் கருப்பட்டியோடு கொதிக்க வைப்பது பழைய வழக்கம். அதில் உண்மையான வேதியியல் இருக்கிறது.

மாதவிடாய்க்குச் சற்று முன்பு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இறங்குகிறது. அப்போது கருப்பையின் உட்சவ்வில் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாகிறது. கருப்பைத் தசையைச் சுருங்க வைத்துச் சவ்வை வெளியே தள்ளுவது அதுதான். அளவு கூடிவிட்டால் தசை விடாமல் இறுகும், ரத்தக் குழாய்களும் சுருங்கும். தசைக்கு ஆக்சிஜன் போதாது. அதைத்தான் வலியாக உணர்கிறோம். அதே பொருள் குடலையும் தூண்டுவதால் சிலருக்கு அந்த நாட்களில் வயிறும் போகும்.

புராஸ்டாகிளாண்டினைத் தயாரிப்பது காக்ஸ் என்ற நொதி. ஆஸ்பிரின் இந்தத் தயாரிப்பைத் தடுக்கிறது என்று பிரிட்டிஷ் மருந்தியல் விஞ்ஞானி ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மருத்துவர் எழுதித் தரும் மெஃபெனமிக் அமிலமும் இதே வேலையைத்தான் செய்கிறது. இஞ்சியில் உள்ள ஜிஞ்சரால் என்ற காரப் பொருளும், இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதிலிருந்து உருவாகும் ஷோகாலும் ஆய்வகச் சோதனைகளில் இந்த நொதியை மட்டுப்படுத்துகின்றன. பெண்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவைதான். ஆனாலும் முதல் சில நாட்கள் தினமும் 750 முதல் 2000 மில்லிகிராம் வரை இஞ்சிப் பொடி எடுத்தவர்களுக்கு வலி குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டின.

ஒரு டீஸ்பூன் சுக்குப் பொடி சுமார் 2 கிராம். அப்படியானால் ஒரு நாளைக்கு அரை டீஸ்பூனாவது வேண்டும். வாசனைக்குப் போடும் சிட்டிகை போதாது. அப்புறம், நேரம். ஏற்கெனவே உருவான புராஸ்டாகிளாண்டினைச் சுக்கு அழிக்காது, புதிதாக உருவாவதைத்தான் குறைக்கும். அதனால் வலி முற்றும்வரை பொறுக்காமல் ஆரம்பத்திலேயே குடிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

சரி, மாதவிடாய் நிற்கும் வயதில் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கிறதே, அதற்கும் சுக்கு உதவுமா? உதவும் என்று சொல்ல எனக்கு ஆதாரம் தெரியவில்லை, ஏனென்றால் அங்கே நடப்பது வேறு. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்ததும், உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் சின்ன வெப்ப மாற்றத்தைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறது. உடனே தோலுக்கு ரத்தத்தைத் திருப்பி வியர்க்க வைக்கிறது. நம் கடற்கரையின் ஈரக் காற்றில் வியர்வை சீக்கிரம் ஆவியாகாது, தவிப்பு நீளும். மின்விசிறிக் காற்றும் மெல்லிய பருத்திச் சேலையும் உண்மையிலேயே பலன் தரும்.

சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன் என்ற பொருள் ஈஸ்ட்ரோஜனின் சாயலில் இருப்பதால் சிலருக்கு ஓரளவு உதவுகிறது. அதை ஈக்வால் என்ற, இன்னும் வலுவாக வேலை செய்யும் பொருளாக மாற்றும் குடல் பாக்டீரியா எல்லோரிடமும் இல்லை. பலன் ஆளுக்கு ஆள் மாறுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உளுந்தங்களி அருமையான சாப்பாடு, ஆனால் ஹார்மோன் மருந்து இல்லை. அதிமதுரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அழுத்தம் உள்ளவர்கள் தொடவே கூடாது.

மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் எந்தக் கஷாயமும் வைத்துப் பார்க்காதீர்கள். கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.